குளிர்காலத் தொடக்கத்தில் ஐரோப்பா

ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தமிழர், ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களைக் கூதிர் என்றும், மார்கழி, தைத் திங்கள்களை முன்பனி என்றும் வழங்கினர். மழையோடு கூடிய குளிர் ஒன்று, பனியோடு கூடிய குளிர் மற்றொன்று என்பதை அவர்கள் நன்குணர்ந்திருந்தனர். ஐரோப்பியரோ ஆண்டை நான்காகவே பகுப்பர். அவர்தம் கணக்கில் இலையுதிர் காலம் கழிந்ததும் குளிர்காலம் வந்துவிடும். வானிலை ஆராய்வோர் அதனை டிசம்பர் முதலாந் திகதியிலும், வானியலார் டிசம்பர் 21 அல்லது 22ஆந் திகதியிலும் தொடங்குவர். ஆயினும், நவம்பர் முதல் நாளிலிருந்து நத்தார் வரையுள்ள எட்டு வாரங்களை உற்றுநோக்குவோருக்கு, அவை ஒரே தன்மையன அல்ல என்பது விரைவிற் புலனாகும். அவ்வெட்டு வாரங்களுள் எவ்வாரத்திற் செல்வது என்பதைப் பொறுத்தே, காணும் ஐரோப்பாவும் வேறாகிவிடும்.

இலங்கையிலிருந்து ஐரோப்பா செல்வோர் இன்று பலர். இலண்டனிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் ஒஸ்லோவிலும் பிள்ளைகளைக் குடியேற்றிவிட்ட பெற்றோர், பல்லாண்டுச் சேமிப்பைச் செலவிட்டு, வாழ்நாளில் ஒருமுறையே அப்பயணத்தை மேற்கொள்கின்றனர். மறுமுறை செல்லும் வாய்ப்பு அவர்களுட் பலருக்கு இல்லை. அத்தகையோர் பயண நாளைக் குறிக்கும்போது, பயணச்சீட்டின் விலையையும் பிள்ளைகளின் விடுமுறையையும் மாத்திரமே கருத்திற்கொள்வது வழக்கம். இவ்விரண்டும் வேண்டியனவே. ஆனால் இவற்றினும் முதன்மையாகக் கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டுள. சென்ற இடத்தில் எத்தனை மணி நேரம் வெளிச்சம் இருக்கும் என்பது ஒன்று. எந்தெந்தக் கதவுகள் திறந்திருக்கும் என்பது மற்றொன்று.

முதலில் வெளிச்சத்தை நோக்குவோம். இலங்கை நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருத்தலால், இங்கு பகலும் இரவும் ஆண்டு முழுவதும் பெரிதும் வேறுபடுவதில்லை. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகலுங்கூட ஏறக்குறையப் பதினொன்றரை மணி நேரம் நீளும். ஆதலின், வடநாடுகளில் பகல் சுருங்கும் என்று பாடநூலிற் படித்தவரும், அதன் பொருளை அனுபவத்தில் அறிந்தவரல்லர். இலண்டன் மாநகர் வட அகலக்கோடு ஐம்பத்தொன்றரைப் பாகையில் உள்ளது. அங்கு டிசம்பர் 21ஆந் திகதி ஞாயிறு மு.ப. 8 மணிக்குச் சற்றுப் பின்னர் எழுந்து, பி.ப. 4 மணிக்குச் சற்று முன்னரே மறைந்துவிடும். அன்றைய பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. ஸ்டொக்ஹோமில் அது ஆறு மணி நேரமாகவும், ஹெல்சிங்கியில் அதனினும் குறைவாகவும் சுருங்கும். நோர்வேயின் வடபால் உள்ள ட்ரொம்சோ நகரில், நவம்பர் இறுதியில் மறையும் ஞாயிறு சனவரி நடுப்பகுதியிலேதான் மீண்டும் முகங்காட்டும். தெற்கே உரோமாபுரியில் ஒன்பது மணி நேரமும், ஏதென்ஸிலும் ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரிலும் ஏறக்குறைய ஒன்பதரை மணி நேரமும் பகல் நிற்கும்.

இவற்றோடு மணிக்கூட்டின் மாற்றமும் சேர்ந்துகொள்ளும். பிரித்தானியாவிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் ஒக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மணிக்கூடுகள் ஒரு மணி நேரம் பின்தள்ளப்படுகின்றன. கோடையில் இலங்கைக்கும் இலண்டனுக்கும் இடையே இருந்த நாலரை மணி வேற்றுமை அன்றோடு ஐந்தரை மணியாகிறது. முன்னாள் மாலை ஆறு மணிக்கு நெருங்கி வந்த அந்தி, மறுநாள் ஐந்து மணிக்கு முன்னரே வந்துவிடும்.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். பகல் ஒரே சீராகக் குறைந்துகொண்டு போவதில்லை. இலண்டனில் நவம்பர் முதல் நாளின் பகல் ஏறக்குறைய ஒன்பது மணி நாற்பது நிமிடம். டிசம்பர் முதல் நாளின் பகல் எட்டு மணி பத்து நிமிடம். ஒரு திங்களுக்குள் ஒன்றரை மணி நேரம் கழிந்துவிடுகின்றது. ஆனால், டிசம்பர் முதல் நாளிலிருந்து 21ஆந் திகதி வரையுள்ள மூன்று வாரங்களில் மேலும் குறைவது இருபது நிமிடம் அளவே. இதிலிருந்து பெறப்படுவது யாது? வெளிச்சத்தை நாடுவோர் நவம்பர் முற்பாதியிலேயே சென்று திரும்புதல் வேண்டும். டிசம்பர் பிறந்தபின் ஒரு வாரம் முந்துவதாலும் பிந்துவதாலும் வெளிச்சத்தில் ஆவதொன்றில்லை. அப்போது கருதவேண்டியது கதவுகளையே ஆகும்.

அடுத்துக் குளிர். நண்பகலில் ஞாயிறு உச்சியில் நின்றாலும், வெப்பம் மிகுவது அதற்குப் பின்னரேயாம். அவ்வாறே, மிகக் குறுகிய பகல் டிசம்பரில் வந்தாலும், கடுங்குளிர் சனவரி, பெப்ரவரி மாதங்களிலேயே வரும். கோடையில் வெப்பத்தை ஏற்ற கடல் அதனை மெல்ல மெல்லவே இழப்பது இதற்குக் காரணம். அத்திலாந்திக்குச் சமுத்திரத்தின் வெந்நீரோட்டமும் அதன்மேல் வரும் மேலைக் காற்றும், ஐரோப்பாவின் மேற்குக் கரையைக் குளிர்காலத்தில் ஓரளவு காத்துவருகின்றன. நுவரெலியாவில் டிசம்பர் மாத இரவில் உணரப்படும் குளிர் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே இலண்டனில் நவம்பர் மாத நண்பகலின் குளிர். டிசம்பரில் இலண்டன் பகல் எட்டு அல்லது ஒன்பது பாகை செல்சியஸ் வரை ஏறும். பேர்லினிலும் வியன்னாவிலும் பிராக் நகரிலும் அது மூன்று அல்லது நான்கு பாகையளவில் நின்றுவிடும். இரவில் நீர் உறையும். பொதுவாகக் கூறுமிடத்து, வடக்கே செல்லச் செல்ல இருள் மிகும். கிழக்கே செல்லச் செல்லக் குளிர் மிகும். முதியோரை அழைத்துச் செல்வோர் இவ்விரண்டையும் மனத்திருத்தி ஊர்களைத் தெரிந்துகொள்ளலாம்.

வெண்பனியைக் கண்ணாரக் காணவேண்டும் என்ற ஆவல் வெப்பநாட்டவர் யாவருக்கும் உண்டு. ஆனால் நத்தார் அட்டைகளில் அச்சிட்ட வெண்பனிக் காட்சியை நம்பி இலண்டனுக்கோ பாரிஸுக்கோ செல்வோர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவர். தாழ்நிலங்களில் டிசம்பரில் பனி விழுதல் உறுதியன்று. விழுந்தாலும் நெடுநேரம் நில்லாது. பனியை நாடுவோர் உயரத்தை நாடுதல் வேண்டும், அல்லது வடகோடியை நாடுதல் வேண்டும். சுவிற்சர்லாந்தின் யுங்பிரௌயொக் என்னும் இடம் கடல்மட்டத்துக்கு மேல் 3,454 மீற்றர் உயரத்தில் உள்ளது. 1912ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மலைப் புகையிரதம் அதுவரையும் செல்கின்றது. ஆண்டு முழுவதும் அங்கு பனி உண்டு. மலையேறும் வலிமையில்லாதவரும் இருக்கையில் அமர்ந்தபடியே அதனை அடையலாம். அவ்வுயரத்தில் காற்று மெலிந்திருத்தலால், இருதய நோயுடையோர் முன்னரே வைத்தியரைக் கேட்டுச் செல்வது முறை. பின்லாந்தில் ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டியுள்ள ரொவனியெமி நகரில் டிசம்பரில் பெரும்பாலும் நிலம் வெள்ளாடை போர்த்திருக்கும். ஆனால் அங்கு மாத இறுதியை நெருங்கும்போது பகல் இரண்டேகால் மணி நேரமே.

மழையைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் மழை பொழியும் அதே மாதங்களிலேதான் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளிலும் மழை வலுக்கின்றது. கோடையிற் காய்ந்த அக்கடல் இன்னும் வெதுவெதுப்பாயிருக்க, வடக்கிலிருந்து குளிர்ந்த காற்று அதன்மேற் படர்வதால் முகில் திரண்டு பெருமழை பெய்யும். உரோமாபுரியில் ஒக்டோபரும் நவம்பரும் மழை மிகுந்த மாதங்கள். 1966ஆம் ஆண்டு நவம்பர் 4ஆந் திகதி ஆர்னோ ஆறு பெருகிப் புளோரன்ஸ் நகரின் ஓவியங்களையும் நூல்களையும் பாழாக்கியது. அதே நாளில் வெனிஸ் நகரில் கடல்நீர் 194 சென்ரிமீற்றர் வரை உயர்ந்தது. 2019ஆம் ஆண்டு நவம்பர் 12ஆந் திகதி அது மீண்டும் 187 சென்ரிமீற்றரை எட்டியது. 2020ஆம் ஆண்டு ஒக்டோபர் முதல், நீர் உயரும்போது கடல்வாயிலை அடைக்கும் பெருங்கதவுகள் அந்நகரைக் காத்து வருகின்றன. ஆயினும் வெனிஸைக் காண விரும்புவோர் நவம்பரை விட்டு வேறு மாதத்தைத் தெரிவதே சாலச் சிறந்தது.

இவ்வளவும் அறிந்தபின் அந்த எட்டு வாரங்களையும் நான்கு பகுதிகளாகப் பிரித்து நோக்கலாம்.

முதற் பகுதி நவம்பர் முற்பாதி. இது தென்திசைக்கு உரியது. செவில் நகரில் அப்போது பகல் வெப்பம் இருபது பாகையளவில் இருக்கும். ஸ்பெயினின் கிரனாடா நகரிலுள்ள அல்ஹம்பிரா மாளிகையையும், ஏதென்ஸின் அக்கிரொப்பொலிஸ் குன்றையும், சிசிலித் தீவின் பழங்கோயில்களையும் வெயில் வருத்தாமலும் கூட்டம் நெருக்காமலும் பார்க்கலாம். ஆகஸ்ட் மாதத்தில் வத்திக்கான் நூதனசாலையின் வாயிலில் வெயிலில் வரிசைகட்டி நிற்பவரது துன்பம் நவம்பரிற் செல்வோருக்கு இல்லை. எனினும், கிரேக்கத் தீவுகள் பலவற்றில் ஒக்டோபர் முடிந்ததும் விடுதிகள் அடைக்கப்பட்டு வசந்தத்திலேயே திறக்கப்படும். நவம்பர் முதலாந் திகதி பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் முதலிய நாடுகளில் சகல புனிதர் திருநாள். அன்று கடைகள் மூடப்பட்டிருக்க, மக்கள் மலர்களோடு கல்லறைகளுக்குச் செல்வர். நவம்பர் 11ஆந் திகதி பிரான்சிலும் பெல்ஜியத்திலும் முதலாம் உலகப் போர் ஓய்ந்த நாள் விடுமுறையாகும்.

இரண்டாம் பகுதி நவம்பர் பிற்பாதி. எட்டு வாரங்களுள் அழகு குன்றியது இதுவே. இலைகள் உதிர்ந்துவிட்டன, விழா விளக்குகள் பெரும்பாலும் ஏற்றப்படவில்லை. அல்ப்ஸ் மலையூர்களில் கோடை விருந்தினர் சென்று, பனிச்சறுக்குவோர் வராத இடைக்காலம் இது. அங்குள்ள விடுதிகளும் தொங்குவண்டிகளும் பல ஓய்ந்திருக்கும். ஆயினும், கலையையும் இசையையும் நாடிச் செல்வோருக்கு இதனினும் உகந்த பொழுது வேறில்லை. வியன்னாவின் அரச ஒப்பராவும், பேர்லினின் இசையரங்கும், இலண்டன் நாடக மேடைகளும் முழு மூச்சோடு நடைபெறும் காலம் இது. நூதனசாலைகளில் ஓர் ஓவியத்தின் முன் அமைதியாக நின்று பார்க்க இடமுண்டு. அறை வாடகையும் விமானக் கட்டணமும் ஆண்டின் தாழ்ந்த நிலையை ஒட்டி நிற்பதும் இவ்வாரங்களிலேதான்.

மூன்றாம் பகுதியே முதன்முறை செல்வோருக்குப் பெரிதும் ஏற்றது. நத்தாருக்கு முன்வரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைக் கிறித்தவர் திருவருகைக் காலமாகக் கொள்வர். அவற்றுள் முதலாவது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும். அந்த வாரத்தையொட்டி ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் பிரான்சின் கீழ்ப்பகுதியிலும் நகரச் சதுக்கங்கள் நத்தார்ச் சந்தைகளாக மாறுகின்றன. டிறெஸ்டன் நகரின் சந்தை 1434ஆம் ஆண்டுக்கும், ஸ்ராஸ்பூர்க் சந்தை 1570ஆம் ஆண்டுக்கும் உரிய பழைமை உடையவை. நூரம்பேர்க் சந்தை முதல் திருவருகை ஞாயிற்றுக்கு முந்திய வெள்ளிக்கிழமை திறக்கப்படுகிறது. மரத்தாற் செய்த பொம்மைகளும், மெழுகுவர்த்திகளும், தேன்கலந்த இஞ்சிப் பணியாரங்களும் அங்கு விற்கப்படும். கறுவாவும் கராம்பும் ஏலமும் கலந்து எழும் அந்த மணம் இலங்கையர் எவருக்கும் அந்நியமானதன்று. மதுவருந்தாதோர்க்கென வாசனைச் சரக்கிட்டுக் காய்ச்சிய சூடான பழச்சாறும் உண்டு. நாலு மணிக்கே வந்துவிடும் இருள் இங்கே குறையாகத் தோன்றாது. விளக்கின் அழகைக் காட்டுவதற்கு அது துணையாகவே அமையும்.

இவ்வாரங்களில் நாள்தோறும் ஒரு விழா உண்டெனலாம். டிசம்பர் 5ஆந் திகதி மாலை ஒல்லாந்திலும், 6ஆந் திகதி ஜேர்மனியிலும் குழந்தைகள் புனித நிக்கலஸின் பரிசை எதிர்பார்ப்பர். 7ஆந் திகதி மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் ஒப்பராப் பருவம் தொடங்கும். 8ஆந் திகதியைச் சூழ்ந்த நாட்களில் பிரான்சின் லியோன் நகரம் தீபத் திருநாள் கொண்டாடும். 1852ஆம் ஆண்டு மக்கள் தம் சன்னல்களில் விளக்கேற்றியதிலிருந்து வளர்ந்த விழா அது. 10ஆந் திகதி ஸ்டொக்ஹோமில் நோபல் பரிசுகள் வழங்கப்படும். 13ஆந் திகதி சுவீடனில் வெள்ளுடை அணிந்த சிறுமியர் மெழுகுவர்த்தி ஏந்திப் பாடிவரும் லூசியா திருநாள். பாரிஸில், 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தீக்கிரையாகிய நோத்ருடாம் பேராலயம் 2024ஆம் ஆண்டு டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டு, இன்று காண்போர்க்குக் காட்சி தருகின்றது.

ஆனால் இங்கும் சில எச்சரிக்கைகள் வேண்டும். ஸ்ராஸ்பூர்க் போன்ற சிறிய நகரங்களில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாட்களும் கூட்டம் கட்டுக்கடங்காது. அறை வாடகையும் அவ்வாறே. திங்கள் முதல் வியாழன் வரையுள்ள நாட்களிற் செல்வது புத்தி. ஸ்பெயினில் டிசம்பர் 6, 8 ஆகிய இரு நாட்களும் விடுமுறையாதலால் அந்நாட்டவரே பெருந்தொகையாகப் பயணஞ் செய்வர். அன்றியும், ஐரோப்பியப் புகையிரதங்களின் புதிய நேர அட்டவணை ஆண்டுதோறும் டிசம்பரின் இரண்டாம் வார இறுதியில் நடைமுறைக்கு வரும். அந்நாளைக் கடந்து பயணஞ் செய்வோர் வண்டி நேரங்களை மறுபடியும் சரிபார்த்துக்கொள்ளல் வேண்டும்.

நான்காம் பகுதி நத்தாரையொட்டிய நாட்கள். டிசம்பர் 24ஆந் திகதி நண்பகலுக்குப் பின் ஜேர்மனியில் கடைகள் அடைபடும். 25, 26 ஆகிய இரண்டும் விடுமுறை. பழைய சந்தைகள் பலவும் அதற்கு முன்னரே கலைந்துவிடும். இலண்டனில் 25ஆந் திகதி சுரங்கப் புகையிரதமும் ஓடாது, பஸ்ஸும் ஓடாது. ஐரோப்பியருக்கு அது குடும்பத்தோடு வீட்டினுள் இருக்கும் நாள். விடுதி அறையில் தங்கிய பிறநாட்டவர், வெறிச்சோடிய தெருக்களையும் பூட்டிய கதவுகளையுமே கண்டு திரும்ப நேரும். போதாக்குறைக்கு விமானக் கட்டணமும் அந்நாட்களில் உச்சத்தில் நிற்கும்.

இவ்விடத்திலேதான் பெற்றோரின் இக்கட்டு எழுகின்றது. பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைப்பது நத்தாரின் போதே. ஊர் அடைபட்டிருப்பதும் அதே வேளையிலே. பிள்ளையோடு இருப்பதா, ஊரைப் பார்ப்பதா என்று இரண்டிலொன்றைத் தெரியவேண்டிய கட்டாயம் இதனால் ஏற்படுவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் நாட்களைச் சற்று முன்தள்ளினால் இரண்டும் கைகூடும். டிசம்பர் முதல் வாரத்திற் சென்று, பிள்ளை வேலைக்குப் போகும் நாட்களில் சுற்றுலாக் குழுவோடோ உறவினரோடோ நகரங்களைப் பார்த்துவிட்டு, இருபதாந் திகதியளவில் வீடு திரும்பினால், கதவடைக்கும் நாட்கள் குடும்பத்தோடு கூடியிருக்கும் நாட்களாக அமைந்துவிடும். பேரக்குழந்தைகளின் பாடசாலை விடுமுறையும் பெரும்பாலும் அப்போதே தொடங்கும். நத்தார் நாளுக்கு மூன்று நாள் முன்னதாகச் சென்று இறங்கும் பெற்றோர், பெறக்கூடிய இன்பத்திற் பாதியை இழந்துவிடுகின்றனர் என்பதே உண்மை.

பயணத்தின் திசையும் நன்மை தரும்படி அமைக்கத்தக்கது. வடக்கிலிருந்து தெற்கு நோக்கிச் செல்வோருக்கு, இலண்டனில் எட்டு மணியாக இருந்த பகல் உரோமாபுரியில் ஒன்பதாகவும் செவில் நகரில் ஒன்பதரையாகவும் நீளும். உடலும் உள்ளமும் களைக்கும் பிற்கூற்றில் வெளிச்சமும் இளஞ்சூடும் வந்து சேரும். மாறாகத் தெற்கிலிருந்து வடக்கே செல்வோர், நாள்தோறும் குறுகும் பகலுக்குள் தாமும் குறுகவேண்டியவராவர்.

ஒவ்வொரு நாளையும் வகுத்துக்கொள்ளும் முறையும் அத்தகையதே. வெளியிற் காணவேண்டிய ஆறு, பாலம், பூங்கா, கோட்டை ஆகியவற்றை மு.ப. 9 மணிக்கும் பி.ப. 3 மணிக்கும் இடையில் முடித்துக்கொண்டு, இருண்டபின் கட்டடங்களுள் நுழைதல் வேண்டும். பாரிஸின் லூவர் நூதனசாலை புதன், வெள்ளி ஆகிய நாட்களில் இரவிலும் திறந்திருக்கும். செவ்வாய்க்கிழமை அதற்கு விடுமுறை. இலண்டனின் பிரித்தானிய நூதனசாலையும் தேசிய ஓவியக்கூடமும் வெள்ளிக்கிழமைகளில் நேரங்கழித்து மூடப்படும். மட்ரிட் நகரின் பிராடோ ஓவியக்கூடத்தில் மாலையின் கடைசி இரண்டு மணி நேரம் கட்டணமின்றி நுழையலாம்.

உடையைப் பொறுத்தவரை, கனத்த ஒரே மேலங்கியை நம்புவதிலும் மெல்லிய கம்பளி உடைகள் இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவது நன்று. வெளியே ஐந்து பாகையும் உள்ளே இருபது பாகையும் மாறிமாறி வருவதால், கழற்றி மாட்டும் வசதி இன்றியமையாதது. நனைந்த இலையிலும் உறைந்த நீரிலும் வழுக்காத சப்பாத்து முதியோருக்கு மேலங்கியினும் அவசியம். பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதங்களுக்கு முன்னிருந்தே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாட்களுக்குப் பிந்தக்கூடாது. முப்பதினாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி அதற்கு வேண்டும். பிரித்தானியாவுக்கு விசா வேறு. டிசம்பரிற் செல்ல எண்ணுவோர் ஆடி, ஆவணியிலேயே இவ்வேலைகளைத் தொடங்குவது பிற்பட்ட கவலைகளைத் தவிர்க்கும்.

தொகுத்துக் கூறின், வெயிலை விரும்புவோர் நவம்பர் முற்பாதியில் தெற்கே செல்லலாம். சிக்கனத்தையும் கலையையும் விரும்புவோர் நவம்பர் பிற்பாதியைத் தெரியலாம். முதன்முறை செல்வோரும் ஒருமுறையே செல்லக்கூடியோரும் முதல் திருவருகை ஞாயிறு தொடங்கி டிசம்பர் இருபது வரையுள்ள வாரங்களைத் தெரிவது நன்று. நத்தார் நாளுக்கு உறவினர் வீடு ஒன்று இருத்தல் வேண்டும். கோடையே ஐரோப்பாவுக்குரிய காலம், குளிர்காலத்தில் அங்கே காண ஒன்றுமில்லை என்ற எண்ணம் இன்னும் பலரிடத்தில் உண்டு. வெளிச்சத்தின் அளவையும் கதவு திறக்கும் நேரத்தையும் அறிந்து செல்வோருக்கு, அந்தக் குறுகிய பகலே போதியதாகும்.